கட்சிக்காரரைக் கேட்காமல்

ப்ரைஸ், யூட்டா
1962 பிப்ரவரி 12

அன்புள்ள ரூலன்,

நம் ஆபீஸ் வாசலில் இன்னும் ‘டிட்வெல் & வரோனாகிஸ், வழக்கறிஞர்கள்’ என்றுதான் பலகை தொங்குகிறது. உள்ளே வந்து பார்த்தால் வரோனாகிஸ் ஒருவன் மட்டும் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கென்ன, சால்ட் லேக் தலைமையகத்திலிருந்து உன் மார்மன் சபைப் பெரியவர்கள் ஒரு போன் போட்டார்கள். மூன்று வருஷம் நார்வேயில் மதம் பரப்பும் மிஷனுக்குத் தலைவராக இரு என்றார்கள். சம்பளம் உண்டா என்று கேட்டாயா? இல்லை. பார்ட்னரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொன்னாயா? அதுவும் இல்லை. இத்தனை வருஷத் தொழிலை என் மேஜைமேல் கொட்டிவிட்டு, லாரீனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாய்.

ஹக்கின்ஸ் அண்ணன் தம்பியின் வாய்க்கால் வழக்கு மறுபடி கிளம்பியிருக்கிறது. தம்பிக்காரன் போன வாரம் வந்து, "ஸ்டெலியோ, நீ நல்ல வக்கீல்தான்ப்பா. ஆனா பிரசிடென்ட் டிட்வெல் இருந்தா எங்க ரெண்டு பேரையும் முழங்கால் போட வெச்சு, ஜெபம் பண்ண வெச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சு விட்டிருப்பாரு" என்றான். இந்த வட்டாரத்து மார்மன் சபைகளுக்கெல்லாம் நீ தலைவராக இருந்த காலத்திலிருந்தே எனக்கு இதுதான் தொல்லை. பகலில் வக்கீல், சாயங்காலமானால் சாமியார். பாதி வழக்கை நீ கோர்ட்டு வாசலுக்கு வரவிடாமலே தீர்த்துக்கட்டினாய். இப்போது அதெல்லாம் எழுந்து என்னைத் தேடி வருகிறது. சமாளிக்க முடியவில்லை என்று நான் சொல்லவில்லை. எரிச்சலாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

உன் வறுத்த கோதுமைத் தூள் டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது. உங்கள் சபையில் காப்பி குடிக்கக் கூடாது என்றால் காப்பி மாதிரி இன்னொன்றைக் காய்ச்சிக் குடிப்பானேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குப்பையில் போடலாமென்று எடுத்தேன். நம் டைப்பிஸ்ட் வில்டா சோரென்சன் முறைத்தாள். திரும்ப வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுக்கிறது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். "ரூலன் எப்ப வர்றான்?" என்று தினமும் கேட்கிறாள். வசந்தத்துக்கு அப்புறம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்த வருஷத்து வசந்தம் என்று சொல்லவில்லை.

உன்
ஸ்டெலியோ


ஆஸ்லோ
1962 மார்ச் 3

அன்புள்ள ஸ்டெலியோ,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திட்டு வாங்கி நாளாயிற்று. இங்கே எல்லோரும் "பிரசிடென்ட், பிரசிடென்ட்" என்று தலையாட்டுகிறார்கள், எதிர்த்துப் பேச ஆளில்லை. லாரீன் பேசுவாள். ஆனால் அவள் எப்போதும் சரியாகவே பேசுவதால் அதை வாதத்தில் சேர்க்க முடியாது.

என் வேலை என்னவென்றால், ஐடஹோ உருளைக்கிழங்கு வயல்களிலிருந்தும் யூட்டா பண்ணைகளிலிருந்தும் வந்திருக்கிற இளைஞர் பட்டாளத்தை மேய்ப்பது. கோட்டும் தொப்பியுமாகப் பனியில் நடந்து கதவு கதவாகத் தட்டுகிறார்கள். நார்வேக்காரர்கள் மிகவும் மரியாதையானவர்கள், கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார்கள். ஒருவனுடைய காதலி ஊரில் வேறொருவனைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாளாம். என் எதிரே உட்கார்ந்து அழுதான். ஆறுதல் சொல்ல வேண்டிய எனக்கு, அந்தப் பெண்ணைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யத்தான் நாக்கு துடித்தது.

போன வாரம் நடந்ததை லாரீனிடம்கூடச் சொல்லவில்லை. கோர்ட்டுக் கட்டிடம் ஒன்றைக் கடந்து போனேன். கால் தானாக உள்ளே திரும்பிவிட்டது. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த நார்வே மொழி ஒரு பிரசங்கத்துக்கும் கொஞ்சம் வெண்ணெய் வாங்கவும்தான் காணும். ஆனாலும் எந்த வக்கீல் தோற்கப் போகிறான் என்பது அவன் எழுந்து நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. சாயங்காலம் வரை இருந்தேன். வெளியே வரும்போது கன்னம் வைத்துத் திருடியவன்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். கூப்பிட்டால் போவதுதான் எங்கள் வழக்கம், ஸ்டெலியோ. போன இடத்தில் மனது நிற்குமா என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. எனக்கு இங்கே நிற்கவில்லை.

அம்மாவைப் பற்றி உடனே எழுது. அவ்வப்போது போய்ப் பார்க்கும்படி வில்டாவுக்கு எழுதியிருக்கிறேன். ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போவாள், நல்ல மனசு. உன் அப்பாவை நினைத்து அம்மா கலங்க வேண்டாம். அவருக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்டுத்தான் ஊரைவிட்டு வந்தேன்.

அன்புடன்
ரூலன்


ப்ரைஸ்
1962 ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய பிரசிடென்ட் டிட்வெல் அவர்களுக்கு,

அப்பாவுக்கு உங்களால் ஆனது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வில்டா ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியுமாக வீட்டுக்கு வந்தாள். அம்மா அப்பாவின் போட்டோவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாளாம். இவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் செஞ்சாச்சு. பிரதர் டிட்வெலே அவர் பேருக்குத் தண்ணியில எறங்கி ஞானஸ்நானம் வாங்கினாரு. மேன்டி ஆலயத்துல நானே பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றாள். நான் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இந்த ‘உங்கள்’ எல்லாம் எனக்கு ஓடாது. நீ என்றே எழுதுகிறேன்.

செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் முழுக்குப் போட்டு அவர்களை உங்கள் சபையில் சேர்ப்பது உண்டு என்று எனக்குத் தெரியும். உன் கொள்ளுத்தாத்தாக்களுக்காக நீ எத்தனை தடவை நனைந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மனோலிஸ் வரோனாகிஸ் உனக்குக் கொள்ளுத்தாத்தாவா? கிரீட் தீவில் குழந்தையாக எண்ணெய் பூசி மும்முறை முக்கி ஞானஸ்நானம் பெற்றவர் அவர். எங்கள் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோவிலில் எங்கள் பாதிரியார் ஓதித்தான் அவரைப் புதைத்தோம். நீ அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நிற்கும்போதே இதை நினைத்துக்கொண்டுதான் நின்றாயா?

ஏன் செய்தாய் என்றும் எனக்குத் தெரியும். சுரங்கத்தில் அப்பாவின் கை நசுங்கியபோது அந்த இழப்பீட்டு வழக்குதான் உன் முதல் வழக்கு. கம்பெனி ஃபோர்மன் கூண்டிலேறி, சுரங்கக் கூரைக்கு முட்டுக்கொடுத்த கட்டையெல்லாம் உறுதியாகத்தான் இருந்தது, மனோலிஸ்தான் அஜாக்கிரதை என்று கூசாமல் சொன்னான். உன்னைப் போலவே வேலை நேரம் போக அவனுக்கும் சபைப் பதவி, உன் சபையின் பிஷப். ஊரே நீ அவனைக் கிழிக்கப் போகிறாய் என்று பார்த்தது. நீ எழுந்து, "பிஷப், உங்களைக் கேக்க எங்கிட்ட எதுவும் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தாய். பிஷப் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினாய், அவ்வளவுதான். தோற்றோம். அப்பா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வா, சாப்பிடலாம்" என்று வீட்டுக்குக் கூட்டிவந்து எலுமிச்சை பிழிந்த ஆட்டுக்கறி போட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போட்டார். அது உனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. இங்கே தோற்ற வழக்கை மேலே அப்பீல் போட்டுவிட்டாய். கட்சிக்காரரைக் கேட்காமல், அவர் மகனைக் கேட்காமல், பெண்டாட்டியைக் கேட்காமல்.

அம்மா அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "நான் செத்தா அவரை எங்க போய்த் தேடுவேன்? நம்ம பக்கத்துல இருப்பாரா, அவங்க பக்கம் போயிட்டாரா?" என்று கேட்கிறாள். டாக்டர் இவளுக்கு இந்தக் கோடை தாண்டாது என்கிறார். இந்தக் கேள்வியோடு என் அம்மா போகக் கூடாது. அப்பாவின் பெயரை எடுத்துவிடு.

ஸ்டெலியோஸ் வரோனாகிஸ்


ஆஸ்லோ
1962 ஏப்ரல் 18

ஸ்டெலியோ,

உன் கோபம் புரிகிறது. ஆனால் சில விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும்.

முதலாவது, உன் அப்பா இப்போது மார்மன் ஆகிவிட்டார் என்று அம்மா நினைத்தால் அது சரியல்ல. நாங்கள் செய்வது ஓர் அழைப்பு. அங்கே இருப்பவர் அதை ஏற்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம். நாங்கள் கதவைத் தட்டுகிறோம், திறப்பது அவர் இஷ்டம். யாரையும் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது, அவரவர் முன்னோருக்குச் செய்வதுதான் முறை என்று நீ சொல்வது உண்மை. நான் அவரை என் குடும்பத்தவர் என்று சொல்லிச் செய்தேன். நான் தலைவர் என்பதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பதினைந்து வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துப் பார்த்தால் அதைப் பொய் என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார்.

மூன்றாவது, செய்ததை இல்லை என்று ஆக்குவது என் கையில் இல்லை. சால்ட் லேக்கில் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். முறை தவறியவன் இத்தனை இளைஞர்களுக்குத் தலைவனாக இருக்கலாமா என்பார்கள். இங்கே பாதியில் விட்டுவிட்டு வந்தால் இவர்கள் கதி என்ன?

நான்காவது, அந்தப் பழைய வழக்கைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நீ எழுதியிருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

ரூலன்


ப்ரைஸ்
1962 ஏப்ரல் 30

ரூலன்,

நேற்று எங்களுக்கு ஈஸ்டர். அம்மா முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடவில்லை. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

முதலாவது, இரண்டாவது என்று நீ எழுதியதை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அது உன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய மனு. அதில் அம்மாவுக்கு ஒரு வரி இல்லை.

பாதிரியாரைக் கூட்டிவந்தேன். "அதெல்லாம் செல்லாதும்மா. சும்மா வெறும் தண்ணி. கவலைப்படாதீங்க" என்று சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாள், அவர் கையை முத்தமிட்டாள், அவர் போனதும் என்னைப் பார்த்து, "செல்லாத காரியத்த ரூலன் செய்ய மாட்டானே" என்றாள். பாதிரியார் பேச்சு எடுபடவில்லை, மகன் பேச்சு எடுபடவில்லை. அவளுக்கு உன் பேச்சுதான் வேதவாக்கு. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நீ கெட்டவனாக இருந்திருந்தால் அவள் இந்நேரம் காறித் துப்பிவிட்டுத் தூங்கியிருப்பாள்.

உங்கள் சபையில் செத்தவன் வேண்டாம் என்று சொல்லலாம், உயிரோடு இருப்பவன் சொல்ல முடியாதா? பிஷப்பைக் கேள்வி கேட்க முடியவில்லை. சால்ட் லேக் போனுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. இப்போது அவர்களிடம் போய் ஒரு தப்பைச் சொல்லவும் முடியவில்லை. ஊருக்கெல்லாம் வாதாடுகிற நீ உன் ஆட்கள் முன்னால் நின்றால் மட்டும் வாயைக் கட்டிக்கொள்கிறாய்.

வாசல் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். வில்டா, "நான் நல்லதுதானே சொன்னேன், தப்பாப் போச்சா?" என்று இரண்டு நாளாக டைப் மிஷின்மேல் அழுகிறாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை.

ஸ்டெலியோஸ்


ஆஸ்லோ
1962 மே 9

ஸ்டெலியோ,

உன் கடிதத்துக்கு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். நாலிலும் நான் ஜெயித்திருந்தேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அப்பீல் என்று எழுதியிருந்தாய். அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் இறங்கும்போது எனக்கு அந்த வழக்கு ஞாபகம் வரவில்லை. நானும் லாரீனும் செத்த பிறகு இருக்கப்போகும் இடத்தில் மனோலிஸ் இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகும் என்றுதான் தோன்றியது. என் சொந்த அப்பா என்னை ஒருநாள்கூட அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை.

சால்ட் லேக்குக்கு எழுதிவிட்டேன். முறைப்படி எனக்கு உரிமை இல்லாத பெயரைக் கொடுத்தேன், குடும்பத்தார் கேட்பதால் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என்னைத் திரும்பி வரச் சொன்னாலும் சொல்வார்கள். தபாலில் போட்டுவிட்டு வந்து லாரீனிடம் சொன்னேன். "இதுக்கு இவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் பதில் எப்போது வருமோ தெரியாது. அம்மா அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் அவளுக்குக் கீழே எழுதியிருப்பதை நீ கிரேக்க மொழியில் சொல்லிப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தையும் மாற்றாதே.

டெஸ்பினா அம்மா,

என் பேச்சை நீங்கள் நம்புவீர்கள் என்று ஸ்டெலியோ எழுதினான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் நம்பிக்கைப்படி, நான் செய்த காரியத்தை உங்கள் வீட்டுக்காரர் ஏற்றால்தான் அது அவருக்கு ஆகும். வேண்டாம் என்றால் ஆகாது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சாட்சி சொல்ல என்னைவிடத் தெரிந்தவன் யாருமில்லை. அமெரிக்காவில் வந்து இறங்கிய துறைமுகத்தில் பெயரைச் சுருக்கச் சொன்ன அதிகாரிக்கு அவர் முடியாது என்றார். கம்பெனிக் கடையில்தான் சாமான் வாங்க வேண்டும் என்றபோது முடியாது என்று சொல்லிவிட்டு எங்கோ நடந்துபோய் மாவு வாங்கிவந்தார். மீசையை எடுத்தால் நல்ல வேலை தருகிறேன் என்ற மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். என் தண்ணீருக்கும் அவர் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். சந்தேகமே இல்லை. அவர் எங்கேயும் போகவில்லை அம்மா. உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார், நீங்கள் தேட வேண்டாம்.

ஆசைப்பட்டது நான். அவரைக் கேட்காமல் ஆசைப்பட்டுவிட்டேன். மன்னியுங்கள்.

ரூலன்


ப்ரைஸ்
1962 மே 21

அன்புள்ள ரூலன்,

படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. ஒரு சபைத் தலைவன் தன் கையால் செய்த சடங்கு வீணாய்ப் போனது என்று சாட்சி சொல்வது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். மீசை இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "மேல படி" என்றாள்.

முடித்ததும் மறுபடி ஒருதரம் படிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "ரூலன் தப்பா எழுதியிருக்கான்" என்றாள்.

"எதும்மா தப்பு?" என்றேன்.

"உங்க அப்பா ஊர்ல எல்லாருக்கும் முடியாதுன்னு சொன்னாரு, நெசந்தான். இவனுக்கு எப்படா சொன்னாரு? ஞாயித்துக்கிழமை அவன் வந்தா, நான் போட்டு வெச்ச காப்பியக் கொட்டிட்டு, அவனோட சேர்ந்து அந்தக் கருகின கோதுமைத் தண்ணிய ரெண்டு கப்பு குடிப்பாரு. அவன் தனியாக் குடிக்கக் கூடாதாம். அவன் தலை மறைஞ்சதும் வாயக் கொப்புளிச்சிட்டு வந்து, ‘டெஸ்பினா, காப்பி போடு’ம்பாரு."

எனக்கு இது தெரியவே தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது.

"அப்ப என்னம்மா சொல்ற? அவரு போயிட்டாருங்கறியா?" என்று கேட்டேன்.

"போயிருப்பாரு. கூப்பிட்டது ரூலன் இல்லையா? போயி, உக்காந்து, அவங்க சொன்னதையெல்லாம் கேட்டு, தலையாட்டி, நனைஞ்சு, ஈரத் தலையோட வீட்டுக்கு வந்திருப்பாரு. வந்ததும் காப்பி கேட்டிருப்பாரு. இது தோணாம நான் ஒரு மாசமாக் கெடந்து அழுதிருக்கேன் பாரு." சொல்லிவிட்டு, மூச்சு இழுக்க இழுக்கச் சிரித்தாள். பசிக்கிறது என்றாள். ஈஸ்டர் போய் மூன்று வாரம் ஆன பிறகு சிவப்புச் சாயம் கரைக்கச் சொல்லி, ஒரு முட்டை சாப்பிட்டாள்.

டாக்டர் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் தூங்குகிறாள்.

பலகையை மாட்டிவிட்டேன். கோணலாகத்தான் இருக்கிறது, சால்ட் லேக்காரர்கள் உன்னைத் துரத்திவிட்டால் வந்து நீயே நேராக்கு, துரத்தாவிட்டால் இரண்டு வருஷம் அப்படியே தொங்கட்டும். அந்தப் பிஷப் விஷயத்தை எழுதியதற்கு நான் வருத்தப்படவில்லை. எழுதிய விதத்துக்கு வருத்தப்படுகிறேன்.

அம்மா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"நான் போன அப்புறம் எனக்காக ரூலன் எந்தத் தண்ணியிலயும் எறங்க வேண்டாம்னு எழுது. கோவிச்சுக்கிட்டுச் சொல்லலைன்னும் எழுது. அவரு எப்ப வேணா இவன் கூப்பிட்டான்னு கெளம்பிப் போயிடுவாரு. நானும் போயிட்டா, திரும்பி வர்ற மனுசனுக்கு யாரு காப்பி போடறது?"

உன்
ஸ்டெலியோ